மருமகன் தேடிய பனி மெஷின்

அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னல் கம்பி தொட முடியாதபடி சுட்டது. அதன் ஓரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

"பனி அள்ளுத மெசின் வாங்க எங்க மருமவன் மூணு வருசமா யோசிக்காரு, அக்கா."

"கனடாவுலயா?"

"ஆமா. சின்னது ஈரப்பனிய இழுக்காதாம். பெருச நிறுத்த எடமில்லையாம். கரண்டா, பெட்ரோலான்னு எங்கிட்டயே கேக்காரு. நான் பனியக் கண்டேனா?"

"அதுவரைக்கும் யாரு அள்ளுதா?"

"எம் மவதான். வாசல்லேர்ந்து ரோடு வரைக்கும் அவதான் அள்ளணும். இவரு ஜன்னல் வழியா எத்தனை அங்குலம்னு அளவு சொல்லுவாரு."

"நல்ல ஆம்பளதான்!"

"போன வாரம் அவளுக்கு இடுப்பு பிடிச்சுட்டு. தன் காரு போற அகலத்துக்கு மட்டும் அள்ளிட்டு வேலைக்குப் போய்ட்டா. இவரு காரு பனிக்குள்ளயே நிக்கு."

"பொறவு?"

"பொறவென்ன? டாக்சி பிடிச்சுப் போயி, கடையில மொதல்ல நின்ன மெசினத் தூக்கிட்டு வந்துட்டாரு."