ஒன்பதாம் அறையின் அழைப்பு

பழைய இயந்திரங்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவற்றால் முடிந்ததை அவை செய்கின்றன. முடியாததைச் செய்யச் சொல்கிறவர்களைக் கண்டால்தான் எனக்கு ஆகாது.

அந்த முதியோர் இல்லத்தின் கம்ப்யூட்டர்களை ஆறு வருடமாக நான்தான் பார்த்துக்கொண்டேன். நர்ஸ்களின் மேசையில் இருந்ததற்கு வயது பதின்மூன்று. கட்டிலருகே யாராவது பொத்தானை அழுத்தினால் அதன் திரையில் அறை எண் மினுங்கும், மணி அடிக்கும். நர்ஸ்கள் மணியைக் கேட்டுத்தான் ஓடுவார்கள். திரையைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம்?

அதிலிருந்த சிஸ்டம் காலாவதியாகிவிட்டது. புது கம்ப்யூட்டர் வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மேலாளர் சிரித்தார்.

"பெட்டி நல்லாத்தானே இருக்கு. உள்ள இருக்கறத மட்டும் புதுசாக்கிக் குடுப்பா. உனக்குத் தெரியாத வித்தையா?"

நான்கு நாள் மல்லுக்கட்டினேன். அறுபத்தொரு சதவீதம் வரை போகும், பிறகு பழைய சிஸ்டத்துக்கே திரும்பிவிடும். மெமரி போதாது என்றது. என் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வந்து பொருத்தினேன். பிராசஸரை ஏற்க மாட்டேன் என்றது. அந்தச் சோதனையையே தாண்டிப் போக வழி கண்டுபிடித்தேன். மேலாளர் தினமும் எட்டிப் பார்த்து, "இன்னுமா?" என்பார்.

ஐந்தாம் நாள் காலை புது சிஸ்டம் ஏறிவிட்டது. சத்தம் மட்டும் வரவில்லை. அத்தனை பழைய சவுண்ட் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை எழுத யாரும் மெனக்கெடவில்லை.

என் பையில் ஒரு யுஎஸ்பி ஸ்பீக்கர் இருந்தது. செருகியிருந்தால் மணி அடித்திருக்கும். மேலாளரும் இன்னொரு முறை ஜெயித்திருப்பார். நான் பையைத் திறக்கவில்லை. யாராவது ஒருவர் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்து, குடும்பத்தார் வந்து சத்தம் போட்டால் போதும் என்று நினைத்தேன்.

"மணியெல்லாம் சரியா அடிக்குமாண்ணா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"அடிக்கும்மா."

"காலையிலேர்ந்து ஒண்ணுகூட அடிக்கலையே."

"இன்னைக்கு எல்லாரும் நல்லா இருக்காங்க போல."

அவள் சிரித்துவிட்டு, மதியச் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிர்ப்பக்க அறைகளுக்குப் போனாள்.

அப்போதுதான் ஒன்பது மினுங்கியது. தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா அங்கே இருந்தார். பேரனோடு வீடியோவில் பேச நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர் அறை, நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து இருபது அடி.

அப்போது நீ என்ன செய்தாய் என்று விசாரிக்க வந்த நீங்கள் கேட்டீர்கள். உட்கார்ந்திருந்தேன். இருபத்திரண்டு நிமிடத்தில் பதினேழு முறை அழுத்தினார். முதலில் அடுத்தடுத்து, பிறகு இடைவெளி விட்டு. எழுந்து போயிருந்தால், தாமதமாகவாவது ஆள் வந்தது என்று எழுதி விஷயத்தை மூடியிருப்பார்கள். எண் அணைந்ததும், அவசரம் இல்லாததால் விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். நர்ஸ் தட்டோடு உள்ளே போனபோது அவர் கை பொத்தான் மேலேயே இருந்ததாம்.

மறு வாரமே புது கம்ப்யூட்டர்கள் வந்தன. நான்தான் பொருத்தினேன். இப்போது ஒன்பதாம் அறையில் ஒரு பெரியவர் இருக்கிறார். நேற்று முன்தினம் அவர் பொத்தானை அழுத்தினார். நர்ஸ் ஒரு நிமிடத்தில் போய் நின்றாள். அந்த அம்மா பார்த்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்.