ஒலிபெருக்கியில் எங்கள் கல்லூரி

வெர்னா கடையில் காபி நன்றாக இருக்காது. இருந்தாலும் எங்கள் ஊர் வெஸ்ட் ஃபோர்க்கில் நாங்கள் ஆட்டம் பார்க்க அங்கேதான் போவோம், டிவி பெரியது. நீங்கள் விசாரிக்க வந்தது வேறு விஷயம் என்று தெரியும். இதிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் இண்டியானா மாநிலத்தில் கூடைப்பந்து வளையம் மாட்டாத மாட்டுக்கொட்டகை கிடையாது. ஆனால் எங்கள் கல்லூரி சின்னது, சம்பளத்துக்கு ஆடும் பெரிய லீக்குக்குப் போன எங்கள் பையன்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அங்கே ஆட்டம் தொடங்கும் முன் விளக்கை அணைத்து, முதலில் இறங்கும் ஐந்து பேரை அறிவிப்பார்கள். ஒவ்வொருவனுக்கும் படித்த கல்லூரி முதலில், பெயர் பிறகு. எங்கள் கல்லூரி பெயர் வந்தால் வெர்னா கடையில் இருப்பவர்கள் எல்லோரும் மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவோம். கடைசியாகத் தட்டியபோது என் மகள் கைக்குழந்தை. அவள் கல்லூரி முடித்து வேலைக்கும் போய்விட்டாள், மேசைகள் சும்மாவே கிடந்தன.

என் மைத்துனன் கிளைட் பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகத்தின் ஆள். அவர்களுடைய பையன்கள் லீக்கில் தடுக்கி விழும் இடமெல்லாம் இருக்கிறார்கள். "என்ன மச்சான், ஒங்க காலேஜ்ல பாஸ்கெட்பாலெல்லாம் உண்டா? சோளம் மட்டுந்தான் வெளையுதுன்னுல்ல நெனச்சேன்" என்பான். நான் சிரித்துவைப்பேன். உள்ளே எரியும்.

கல்லூரி அணியில் என் வேலை கணுக்காலுக்குக் கட்டுப் போடுவது, ஐஸ் வைப்பது, யாராவது விழுந்தால் ஓடுவது. நான் டாக்டர் இல்லை. பையன்கள் டாக் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அதைத் திருத்தியதில்லை.

அணியில் புதிதாகச் சேர்ந்த ட்ரெவியன் மேப்ரியைக் கொண்டுவந்து விட்ட அன்று அவன் அம்மா ரெனீட்டா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "இவங்க அப்பா சாஃப்ட்பால் ஆடும்போது, ஓடிக்கிட்டு இருந்தவரு அப்படியே விழுந்துட்டாரு டாக். முப்பது வயசுகூட ஆகல. எந்திரிக்கவே இல்ல. ஒங்கள நம்பித்தான் இவன விட்டுட்டுப் போறேன்."

"நான் பாத்துக்கறேன்மா" என்றேன். கல்லூரி டாக்டரிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பரிசோதனை, இந்தப் பரிசோதனை என்று பையனை உட்கார வைத்துவிடுவார்கள். அவன் குதித்தால் முழங்கை வளையத்தைத் தொடும். அப்படி ஒருவன் எங்களுக்கு மறுபடி கிடைப்பானா?

இரண்டாம் வருடம் பயிற்சியில் ஓடும்போது சுருண்டு விழுந்தான். மற்றவர்கள் அந்தக் கோடியில் இருந்தார்கள், நான்தான் பக்கத்தில் இருந்தேன். கண் திறந்ததும் உப்புத் தண்ணீர் கொடுத்து, "தண்ணி சரியாக் குடிக்கல நீ" என்றேன். நம்பினான்.

பெரிய லீக்கில் எடுக்கும் முன் அவர்களுடைய டாக்டர்கள் சோதிப்பார்கள். இவனுக்கு இருந்த இதயக் கோளாறு படுக்கவைத்துப் பார்த்தால் தெரியாமல், ஓடும்போது மட்டும் வெளிப்படும் வகை. வீட்டில் யாராவது திடீரென்று இறந்தார்களா, ஓடும்போது மயக்கம் வந்ததா என்று கேட்பார்கள். ஆமாம் என்றால்தான் மேற்கொண்டு தோண்டுவார்கள். நான் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தேன். "அப்பா எப்படிப் போனாருன்னு கேட்டா ஆக்சிடெண்டுன்னு சொல்லு. மயக்கம்ங்கற பேச்சையே எடுக்காத."

"பொய்தான டாக் அது?"

"கொஞ்ச நாளைக்குத்தான். உள்ள போயிட்டேன்னா நானே எல்லாத்தையும் சொல்லி வைத்தியம் பாக்க வைக்கறேன்."

எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பருவம் பாதி முடியும்வரை பெஞ்சில்தான் இருந்தான். கடைசி சில நிமிடம் இறங்குவான். பெஞ்சில் இருப்பவனை விளக்கணைத்து அறிவிக்க மாட்டார்கள். ஜனவரியில் அவர்கள் அணியில் ஒருவனுக்கு முழங்கால் போனது. ஞாயிற்றுக்கிழமை ட்ரெவியன் முதல் ஐந்தில் இறங்குகிறான் என்று செய்தி வந்தது.

வெள்ளிக்கிழமை அவன் கூப்பிட்டான். "டாக், இன்னிக்கு மறுபடி விழுந்துட்டேன். லாக்கர் ரூம்ல, யாரும் பாக்கல. நெஞ்சு என்னமோ பண்ணுது. டீம் டாக்டர்கிட்ட சொல்லிடட்டுமா?"

"ஞாயித்துக்கிழம ஆடிரு. திங்கக்கிழம சொல்லிக்கலாம்."

"அம்மா வேற நேர்ல பாக்க வர்றாங்க" என்றான்.

"பாத்தியா. அவங்களுக்காகவாவது ஆடணும்ல."

"சரி டாக். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஞாயிறன்று கடையில் நிற்க இடமில்லை. விளக்கு அணைந்தது. வெஸ்ட் ஃபோர்க் கல்லூரி என்று ஒலிபெருக்கி தெளிவாகச் சொன்னது. தட்டிய தட்டில் காபியெல்லாம் சிந்தியது. கிளைடுகூடத் தட்டினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டாம் கால்பகுதியில் அவன் விழுந்தான். யாரும் இடிக்கவில்லை. பந்து அதுபாட்டுக்கு உருண்டு கோட்டுக்கு வெளியே போனது. டிவியில் ரெனீட்டா படியிறங்கி ஓடுவதைக் காட்டினார்கள்.

"எந்திரிச்சிருவான்ல டாக்?" என்று வெர்னா என்னைக் கேட்டாள். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. இன்றுவரை வரவில்லை. தட்டில் மிச்சமிருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன். அடுத்த வாரம் முழுக்க எல்லா சானலிலும் எங்கள் கல்லூரி பெயர்தான். ஒன்றையும் விடாமல் பார்த்தேன்.

அடக்கத்தின்போது ரெனீட்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்ககிட்டயாவது எதாச்சும் சொன்னானா டாக்?"

"இல்லம்மா. சந்தோஷமா இருக்கேன்னுதான் சொன்னான்."

"கடைசிவரைக்கும் பிள்ளைய நல்லாப் பாத்துக்கிட்டீங்க" என்றாள்.

டீம் டாக்டர்மேல் விசாரணை என்கிறீர்கள். அவர்மேல் தப்பில்லை. அவரிடம் மறைக்கச் சொன்னது நான், ஆடச் சொன்னதும் நான். இது பையனைக் கொன்றதற்குச் சமம் என்றால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஈவிரக்கம் இல்லாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவன் அவசரப்படாமல் திங்கட்கிழமை கூப்பிட்டிருந்தால், உடனே டாக்டரிடம் போ என்று நானே சொல்லியிருப்பேன்.