ஒத்துக்கொள்ளும் உடம்பு

உங்கள் அறையில் தூசி அதிகம், ஐயா. என் கணவர் இங்கே இருந்திருந்தால் இதற்குள் தும்மியே மேசையை நகர்த்தியிருப்பார்.

அவருடைய உடம்பு வீண் வம்புக்கு அலையும். கம்பளி, பூனை, சோப்பு, எதையும் விட்டுவைக்காது. கடைசியில் நான் தொட்டாலே தடித்து வீங்கியது. மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டு, "அவருக்கு நீங்கதாம்மா ஒத்துக்கல" என்றார். நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் அன்னைக்கே சொன்னேனே" என்றாள். புருஷன் கையைக் கையுறை போட்டுப் பிடிப்பது எவ்வளவு கேவலம் தெரியுமா? அழுதிருக்கிறேன்.

எனக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. உடம்பின் காவல் செல்களில் சில மற்றவற்றிடம், "விடுப்பா, நம்ம ஆளுதான்" என்று சொல்லி அடக்கிவைக்கும். அந்தச் சமாதானச் செல்கள் உருவாக, ஒரு புரதம் மரபணுவின் மேல் போய் உட்கார்ந்து அதை முடுக்கிவிட வேண்டும். அந்தப் புரதத்தைக் கூட்டும் மருந்து எங்களிடம் இருந்தது, எலிகளுக்கு. அவருடைய மூக்குச் சொட்டு மருந்தில் கலந்தேன்.

சில நாட்களில் அவரே என் கையைப் பிடித்தார். தடிப்பு இல்லை. பூனையும் மடியில் ஏறிக்கொண்டது.

அளவோடு நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நிறுத்தினால் மறுபடி கையுறைதானே. கால்விரலில் பூஞ்சை வந்தது, உடம்பு ஒன்றும் சொல்லவில்லை. காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு காளான் முளைத்தது. பிடுங்கப் போனேன். "இருந்துட்டுப் போகட்டும், பாவம்" என்றார். அப்படியொரு தங்கமான மனிதர்.

பிறகு சாதாரண ஜலதோஷம்தான் வந்தது. ஒரு தும்மல்கூட இல்லாமல், என் கையைப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தார். நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். கடைசிக் காலத்தில் எங்களுக்குள் ஒரு மனத்தாங்கலும் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நாத்தனார்தான் வாசலில் நின்று கத்தினாள். "எங்க அண்ணன் உன்னை ஏத்துக்கல. வேணாம்னு சொல்லத் தெரியாம போயிட்டாரு, அவ்வளவுதான்." அழுது அழுது அவளுக்கு மூக்கடைத்திருந்தது. அவருடைய சொட்டு மருந்துப் புட்டியில் கொஞ்சம் மீதி இருந்தது. கொடுத்தேன்.

நேற்று அவளே வந்து, முதல்முறையாக "அண்ணி" என்று கூப்பிட்டுக் கட்டிக்கொண்டாள். காதோரம் வெள்ளையாக ஏதோ துளிர்த்திருந்தது. என் அருமை அவளுக்கு இப்போதாவது புரிந்ததே, ஐயா.