அவள் நிறுத்திய வரி

அவையின் நடுநாயகமாய் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! என்னைவிட மூத்தவர் யாரேனும் இருந்தால், அந்தப் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற யோசனையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இன்று பரிசு பெறும் நாவலாசிரியரே, நான் பெற்ற மகனே! அனைவர்க்கும் இந்தக் கைநாட்டுக்காரனின் வணக்கம்.

'அண்மையில் வாசித்த நாவல்கள் பற்றி ஆசிரியரின் தந்தை பேசுவார்' என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்களாம். அதை எனக்குப் படித்துச் சொன்னவள் என் மகள். நாவல்களைப் படித்துக் காட்டியவளும் அவளே. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த கை இது. எழுத்துக்கும் இதற்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் காது? கேட்டதை விடாது.

எங்கள் வீட்டு வாசிப்புக்கு ஒரு முறை உண்டு. தையற்கடையிலிருந்து வந்து, கை கழுவி, அவள் புத்தகத்தை எடுப்பாள். அடையாளத்துக்குத் தாள் வைப்பதில்லை. நேற்று நிறுத்திய வரியை நான் சொல்ல வேண்டும். அவள் பக்கத்தைத் தேடிப் பிடிப்பாள். ஒரு சொல் பிசகினாலும் "தோத்துட்டீங்கப்பா" என்பாள். நான் தோற்றதே இல்லை.

முதல் நாவலின் நாயகன் சன்னலோரம் நின்று மழையைப் பார்க்கிறான். பார்க்கிறான், பார்க்கிறான், பார்த்துக்கொண்டே இருக்கிறான்!

"ஏம்மா, இவன் வேலை வெட்டிக்குப் போகமாட்டானா?"

"மழை விட்டா போவாருப்பா."

கடைசி அத்தியாயம் வரை மழை விடவில்லை.

இரண்டாவது நாவலில் பசியைப் பற்றிப் பக்கம் பக்கமாய்ப் பைந்தமிழ். பசித்தவன் அவ்வளவு பேசுவானா? வாயைத் திறந்தாலே மயக்கம் வருமே! சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அடுத்த நாவலுக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா பார்ப்போம்.

மூன்றாவது, பரிசு பெற்ற நாவல். நடை நதி, சொல் தேன், அதை மறுக்கமாட்டேன். அதில் ஒரு தாய் படுத்த படுக்கையாய்க் கிடக்கிறாள். மகன் ஓடோடி வருகிறான். தலையைத் தூக்கி மடியில் வைத்து, கரண்டியால் நீர் புகட்டுகிறான். அடுத்த வரி: 'வீட்டில் வேறு யாரும் இல்லை.'

அங்கே என் மகள் நிறுத்தினாள். "தொண்டை கட்டிக்கிச்சுப்பா, நாளைக்குப் படிக்கலாம்."

அவையோரே! அந்தத் தாய் என் மனைவி. மகன் வந்து சேர்ந்தது எல்லாம் முடிந்த மறுநாள். வேலை அப்படி, வழி அப்படி. அதைக் குற்றம் சொல்ல நான் மேடை ஏறவில்லை. ஆனால் புரட்டிப் படுக்க வைத்தவள் யார்? புண்ணைத் துடைத்தவள் யார்? போர்வையை அலசியவள் யார்? கடைவாயில் கரண்டி நீரை விட்டவள் யார்? "வந்தா வா, இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று அன்றைய முதலாளியம்மா சொன்னபோது, "பாத்துக்கங்க" என்று தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தவள் யார்? என்னையும்தான் விட்டுவிட்டான். நான் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன்; என்னை விடலாம்.

என்ன தம்பி? "அது கற்பனைங்க தாத்தா" என்கிறீரா? அவளும் அதைத்தான் சொன்னாள்: "கதைதானேப்பா. அண்ணன் நல்லாத்தான் எழுதியிருக்காரு." கற்பனை செய்யட்டும். இல்லாத மழையைப் பெய்விக்கட்டும், இல்லாத மகனை வரவைக்கட்டும். இருந்தவளை இல்லாமல் ஆக்குவது எந்த ஊர்க் கற்பனை?

மறுநாள் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். "நேத்து எங்கப்பா விட்டோம்?"

வரி நாக்கு நுனியில் இருந்தது. நாக்குதான் எழவில்லை. "மறந்துபோச்சும்மா" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். "உங்களுக்கா மறக்கும்?" பிறகு அவளே சொன்னாள், குரல் நடுங்காமல்: "வீட்டில் வேறு யாரும் இல்லை." பக்கத்தைப் பிடித்து மேலே படித்தாள்.

மகனே, உன் நாவலைப் பற்றி என் கருத்து இவ்வளவுதான்: 'வேறு யாரும் இல்லை' என்று நீ எழுதினாயே, அவள் வாயால்தான் அந்த நாவலைக் கடைசிவரை கேட்டேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். மற்றவர்கள் திரும்பாதீர்கள், கூசிப்போவாள். நீ மட்டும் பார்.

அழைத்தவர்களுக்கு நன்றி. பொறுத்தவர்களுக்கு நன்றி. தொடக்கத்தில் அடுக்கிய வணக்கத்தில் ஒருத்தியை நானும் விட்டுவிட்டேன். மகளே, அந்த வீட்டில் நீ இருந்தாய். உனக்கு என் வணக்கம்.