புரட்டாசிச் சனியில் பட்ட மீன்

சென்ட் லோரன்ட் பஸ்ஸில் என் முன்னிருக்கையில் வேலை முடிந்து வந்த இருவர்.

“மீன் படக்கூடாது எண்டு கும்பிட்டுக் கும்பிட்டுத்தான் தூண்டில் எறிஞ்சனான், அண்ணை,” என்றார் இளையவர்.

“பிறகேன் போனனீர்?” என்றார் மூத்தவர்.

“புரட்டாசிச் சனியெண்டு பாக்காமல் பிரெஞ்சுச் சிநேகிதனோடை காஸ்பே கடற்கரைக்கு லீவிலை போயிட்டன். எனக்கு ஏழரைச் சனி வேறை. நான் விரதம். அவன் ஆசையாய் இறகு கட்டின தூண்டிலைக் கையிலை தந்திட்டான்.”

“பட்டதோ?”

“ஓம், நல்ல பெரிசு. அவன் அளந்துபோட்டு, அளவுக்கு மிஞ்சினது, சட்டப்படி விடவேணும் எண்டான்.”

“விட்டாச்சோ?”

“நீந்திப் போட்டுது. அவனுக்குத்தான் சரியான கவலை. என்ரை தோளிலை தட்டித் தட்டி ஆறுதல் சொன்னான்.”

“நீர்?”

“நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிண்டன்.”