நீதியின் நலன் கருதி

– கார்ல ஏறுங்க அத்தான். அதான் கேஸ் முடிஞ்சுபோச்சே, கொஞ்சம் சிரிக்கக்கூட மாட்டீங்களா?

– எதுக்கு மாப்பிள்ளை சிரிக்கணும்? நான் திருடலைன்னு ஜட்ஜ் சொன்னாரா?

– திருடினீங்கன்னும் சொல்லலையே. "நீதியின் நலன் கருதி வழக்கைத் தள்ளுபடி செய்றேன்"னார். பாருங்க, குத்தமே நடந்திருந்தாலும், இந்த ஆளைத் தண்டிச்சு யாருக்கும் நியாயம் கிடைக்கப்போறதில்லைன்னு பட்டா, ஜட்ஜே கேஸை ஊத்தி மூடலாம். வக்கீலா நான் பார்த்தவரைக்கும் அபூர்வமாத்தான் செய்வாங்க. நமக்குச் செஞ்சிருக்கார்.

– நமக்கா? ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோரு இத்தனை வருஷமா என் பொறுப்பு. ஒரு மாத்திரை குறைஞ்சதில்ல. வலி ஊசி காணோம்னதும் நேரா என் சட்டையப் பிடிச்சாங்க. கூண்டுல ஏறி, நான் எடுக்கலைன்னு நாலு பேர் காதுல விழுற மாதிரி சொல்லணும்னுதான் உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப விசாரணையே கிடையாதுன்னா?

– என்னங்க, விடுங்களேன். வீட்டுக்குப் போயிடலாம்.

– நீ பேசாத. கோர்ட்டுல பேசினதே போதும். "எங்கம்மா புத்துநோயில துடிச்சாங்க, பார்க்கப் பொறுக்காம எடுத்துட்டார், மன்னிச்சிடுங்கய்யா"ன்னு கை கூப்பி அழுதியே, உன்னை யாரு கேட்டா?

– நான்தான் அத்தான் சொல்லச் சொன்னேன். ஜட்ஜ் மனசு இளகினதே அக்கா பேச்சுலதான்.

– நல்லா இளகுச்சு போ. அத்தனை பேர் முன்னாடி என் பொண்டாட்டியே என்னைத் திருடனாக்கிட்டா. இனி ஸ்டோர் வாசல்ல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்? வண்டியத் திருப்பு மாப்பிள்ளை. எனக்கு விசாரணை வேணும்னு மனுப் போடு.

– அது முடியாது அத்தான்.

– முடியாதா, மாட்டியா? ஏன், ரெண்டு பேரும் கண்ணாடியில ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிறீங்க?

– தம்பி, சொல்லிடலாம்டா.

– அக்கா, வாய மூடு.

– போதும்டா. என்னங்க… அம்மா வலியில கத்தினப்பல்லாம் நீங்க வீட்டுல இல்ல. டாக்டர் கொடுத்த மாத்திரைக்கு வலி அடங்கல. மதியம் உங்களுக்குச் சாப்பாடு கொண்டு வருவேன்ல, நீங்க கை கழுவப் போற நேரத்துல…

– நீயா?

– ஒண்ணு ஒண்ணாத்தான் எடுத்தேன். உங்க தலையில வந்து விடியும்னு நினைக்கலங்க. அப்புறம் சொல்லப் பயந்துட்டேன்.

– போலீஸ் வாசல்ல நின்னப்ப, எனக்குச் சட்டைப் பித்தான் போட்டுவிட்டியேடி! சரி, ஊசிய யாரு போட்டா? நீதான் ஊசியப் பார்த்தாலே மயங்கி விழுவியே?

– அத்தான், பாருங்க… போட்டது நான்தான். விசாரணை நடந்திருந்தா அக்காவும் உள்ள, நானும் உள்ள. பெத்தவ கண்ணு முன்னாடி துடிக்கிறா. நான் வேற என்ன பண்ணியிருக்க முடியும்?

– உன்னை நம்பி வக்காலத்துல கையெழுத்துப் போட்டேனே, அப்பவே உனக்கு எல்லாம் தெரியுமா?

– தெரியும்.

– அப்ப இத்தனை நாளா நீ யாருக்குடா வக்கீலா இருந்த?