ஃபேன் துவாரத்தில் இருந்த சால்வை

பெயர் பொன்னுவேல், வயது 67, தகப்பனார் காலஞ்சென்ற வேலப்பன், இருப்பிடம் கொடைக்கானல் நாயுடுபுரம், நில அளவைத் துறையில் படம் வரைபவராக இருந்து ஓய்வு பெற்றவன். 1964 ஐப்பசி மாதம், காவல் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டர் முன் ஆஜராகிச் சொல்வதாவது:

எங்கள் வீட்டில் சமைக்கவும் படுக்கவும் ஒரே அறை. அடுப்புப் புகையில் என் மனைவி விசாலாட்சிக்குக் கண் எரிந்ததால், சென்ற சித்திரையில் அறையின் நீள அகலத்தை அளந்து படம் வரைந்து எடுத்துக்கொண்டு, புகையை வெளியேற்றும் ஃபேன் ஒன்று வாங்க பஜாரில் எலக்ட்ரீஷியன் ஒலியுல்லாவிடம் போனேன். அவர், "மூடி வச்சது வாங்குங்க சார், நிப்பாட்டினா தானா மூடிக்கிரும், மிஸ்ட்டு உள்ள வராது" என்றார். காற்றடித்தால் அந்த மூடியின் தகடுகள் படபடக்கும், மனைவிக்குத் தூக்கம் கெடும் என்று எண்ணி மூடியில்லாததையே எடுத்தேன். அது சரியா என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. அதன் பிறகு அவர் வந்து அடுப்புக்கு மேலே சுவரை உடைத்து, காற்று வெளியே போகும்படி ஃபேனைப் பொருத்தினார். அதற்கு எதிரே ஒரு தாளைப் பிடித்தபோது தாள் ஃபேன் பக்கம் இழுபட்டதை நானே பார்த்தேன். என் மனைவி, "இருக்குற குளிருக்கு காத்தாடி ஒண்ணுதான் கொறச்சல்" என்று அவரைக் கேலி செய்து காப்பி கொடுத்தாள்.

அதன் பிறகு மழைக்காலத்தில், ஃபேன் ஓடாத நேரங்களில் துவாரத்தின் வழியே மூடுபனி வந்து எனக்கு இருமல் கண்டது. சென்ற வியாழக்கிழமை பிற்பகல் நான் பென்ஷன் வாங்கப் புறப்பட்டபோது, "வெரசா வந்துருங்க, ரூமைச் சூடாக்கி வைக்கிறேன்" என்றாள் என் மனைவி. நான் சாயங்காலம் திரும்பியபோது கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தன. கரி போட்ட கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் அவள் சுவரில் சாய்ந்திருந்தாள். ஃபேன் நிறுத்தப்பட்டு, துவாரத்தில் அவள் போர்த்தியிருக்கும் சால்வை திணிக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே முக்காலி இருந்தது. நான் சால்வையை உருவிவிட்டு ஃபேனைப் போட்டேன், கதவைத் திறந்தேன், கூப்பிட்டேன். அதன் பிறகு நர்ஸ் வேலை பார்க்கும் அடுத்த வீட்டு லீலா வந்து நாடி பார்த்துவிட்டு, "சார், அதை எதுக்கு இப்ப மடிக்கிறீங்க, கீழ வைங்க" என்றார். அப்போதுதான் என் கையில் சால்வை இருந்ததைக் கவனித்தேன். டாக்டர் வந்து, கரிப்புகையால் உயிர் போயிற்று என்றார்.

மறுநாள் பழனியிலிருந்து வந்த என் மைத்துனர் சேனாதிபதி ஃபேனைப் போட்டு அதற்கெதிரே நின்று பார்த்து, "மொகத்துல காத்தே படலையே மச்சான், எலக்ட்ரீஷியன் பாய் திருப்பி மாட்டியிருக்கான். மூச்சுவிடுற காத்தையெல்லாம் வெளிய தள்ளியிருக்கு" என்றார். இந்த ஃபேன் அப்படித்தான் ஓட வேண்டும் என்றேன். சால்வையைப் பற்றியும் சொன்னேன். அவர், "அக்கா தன் கையால அடைச்சான்னு சொன்னா ஊரு வேற மாதிரி பேசும். வாயைத் தொறக்காதீங்க" என்றார். அதன் பிறகு அவர் ஒலியுல்லா மேல் புகார் எழுதிக் கொடுத்தபோது நான் பக்கத்தில் நின்றும் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று காலை புகாரில் என் கையெழுத்தும் வேண்டும் என்று இங்கே அழைக்கப்பட்டேன். பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டிருந்த ஒலியுல்லா எழுந்து நின்று, "இருமல் கொறஞ்சிருக்கா சார்?" என்று கேட்டார். நான் புகாரில் கையெழுத்துப் போடாமல் இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். ஃபேன் சரியாகவே பொருத்தப்பட்டிருந்தது. இறந்தவர் துவாரத்தை அடைத்தார். ஒலியுல்லா மேல் குற்றம் இல்லை.

இதை எனக்குப் படித்துக் காட்டியபோது, "இறந்தவர் துவாரத்தை அடைத்தார்" என்றிருந்த இடத்தில் "கணவருக்குக் குளிர் படக்கூடாது என்று" என்ற சொற்களைச் சேர்க்கக் கேட்டேன். அது பார்த்த விஷயமல்ல, ஊகம் என்று சப்-இன்ஸ்பெக்டர் சொன்னார். நான் எதையும் நிச்சயமாகச் சொல்லிப் பழகாதவன். இது ஊகமல்ல என்றேன். சேர்க்கப்பட்டது.

மற்றதும் நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது, யாரும் என்னைச் சொல்ல வைக்கவில்லை, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) வே. பொன்னுவேல்